ஒரே தகவலை வைத்து அண்ணனும் நானும் எதிரெதிர் முடிவுக்கு வந்தால் யார் இறங்கி வர வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். ஊரில் இருக்கும் பூர்வீக நிலத்தை இப்போதே விற்பதா, பத்து வருடம் பொறுப்பதா என்பதில் உங்களுக்கும் அண்ணனுக்கும் ஒத்துப்போகவில்லை. இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே படிப்பு படித்து, ஒரே பத்திரங்களையும் ஒரே விலை நிலவரத்தையும் பார்த்தவர்கள். அவர் விற்கலாம் என்கிறார், நீங்கள் கூடாது என்கிறீர்கள். உங்கள் கணக்கில் எத்தனை முறை தேடியும் பிழை தட்டுப்படவில்லை. அவரும் அதையேதான் சொல்கிறார். "பெரியவர் சொன்னா கேட்டுக்கங்க" என்கிறார் அண்ணி. "உன் மூளையை நீ நம்பு" என்கிறார்கள் நண்பர்கள். நிலத்துக்கு நீங்கள் யோசனை கேட்கவில்லை. என்னளவு அறிவும் தகவலும் உள்ள ஒருவர் எனக்கு எதிராக நிற்பதே நான் தவறு என்பதற்குச் சான்றாகுமா, ஆகும் என்றால் சுயமாகச் சிந்திப்பது என்ற பேச்சுக்கு என்ன அர்த்தம், இதுதான் கேள்வி.

நான் முப்பது வருடமாக பயாப்சி ஸ்லைடு பார்த்து, அதாவது உடலிலிருந்து எடுத்த திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, என்ன நோய் என்று ரிப்போர்ட் எழுதும் பேத்தாலஜிஸ்ட். ஐம்பது வயதுக்கு மேல் ஆசைக்காகத் தபால் வழியில் தத்துவம் எம்.ஏ. முடித்தேன். ஆகவே கீழே இருப்பதில் பாதி தொழிலில் கற்றது, பாதி படித்தது. படித்த பாதியில் துறைக்காரர்கள் யாராவது திருத்தினால் கேட்டுக்கொள்வேன். தொழில் பாதியில் கொஞ்சம் சண்டை போடுவேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மாறுபடுவது ஒரு சான்றுதான். பழைய இந்தியத் தர்க்க நூலான நியாய சூத்திரம், ஐயம் எதிலிருந்தெல்லாம் பிறக்கும் என்று காரணங்களை அடுக்கும்போது விப்பிரதிபத்தியை, அதாவது ஒரே பொருளைப் பற்றி இருவர் முரணாகப் பேசுவதை, தனிக் காரணமாகவே சேர்த்திருக்கிறது. ஆன்மா உண்டு என்று ஒருவர், இல்லை என்று இன்னொருவர் சொன்னால், வேறு பிடிமானம் இல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பவனுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். இதை 2007இல் அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் டேவிட் கிறிஸ்டென்சன் ஹோட்டல் பில்லுக்குக் கொண்டுவந்தார். நண்பர்கள் கூடிச் சாப்பிட்டுவிட்டு பில்லைச் சமமாகப் பங்கிடுகிறார்கள். மனக்கணக்கில் இருவருமே கெட்டி. எனக்கு ஆளுக்கு 43 டாலர் என்று வருகிறது, நண்பருக்கு 45 என்று வருகிறது. "நான் போட்ட கணக்கு, அதனால் சரி" என்று நான் சொல்ல முடியுமா? திரும்பப் போட்டுப் பார்க்கும்வரை இரண்டையும் ஒரே தட்டில்தான் வைக்க வேண்டும். ஆனால் நண்பர் 450 என்று சொல்லி, மொத்த பில்லே அவ்வளவு வராது என்றால் நான் அசைய வேண்டியதில்லை. அவருக்குத்தான் எங்கோ தவறியிருக்கிறது.

இந்த இரண்டு ஓரங்களுக்கும் நடுவில்தான் வழக்கு, அது இன்னும் தீரவில்லை. சமமான ஒருவர் மாறுபட்டால் அவர் கருத்துக்கும் உன் கருத்துக்கும் சம எடை கொடு என்கிறார் ஆடம் எல்கா என்ற தத்துவ ஆசிரியர். இன்னொரு தத்துவ ஆசிரியரான தாமஸ் கெல்லி ஒப்புக்கொள்ளவில்லை. சான்றை வைத்து உண்மையிலேயே சரியாக யோசித்தவர் ஒருவர், சறுக்கியவர் ஒருவர் என்றால் இருவரையும் ஏன் ஒரே அளவு இறங்கச் சொல்கிறீர்கள் என்பது அவர் கேள்வி. வேடிக்கை என்னவென்றால், சம எடைக் கொள்கையையே எதிர்ப்பவர்களும் எல்காவுக்குச் சமமான அறிஞர்கள்தான். அப்படியானால் அந்தக் கொள்கையிலும் அவர் பாதி இறங்க வேண்டாமா? இதற்கென்றே 2010இல் தனிக் கட்டுரை எழுதி, இந்த விதி தனக்கு மட்டும் விலக்குக் கேட்பது நியாயம்தான் என்று முடித்தார். படித்தபோது சிரித்தேன். இன்றுவரை எனக்கு அது முழுதாகச் சீரணமாகவில்லை.

எனக்கென்று இதில் இருக்கும் திடமான கருத்து ஒரு தைராய்டு கட்டியிலிருந்து வந்தது. பல வருடங்களுக்கு முன், நாற்பது வயதுக்குள் இருந்த ஒரு பெண்ணின் தைராய்டில் ஒரு பக்கத்தை எடுத்து அனுப்பியிருந்தார்கள். சுற்றிலும் உறை கட்டிய, புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிய கட்டி. இந்த வகைக் கட்டியில் செல்களை மட்டும் பார்த்து சாதாரணமா புற்றா என்று சொல்ல முடியாது. உள்ளே இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். கட்டி உறையை முழுதாகத் துளைத்து வெளியே எட்டிப் பார்த்திருக்கிறதா, ரத்தக் குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா, இதை வைத்துத்தான் தீர்ப்பு. எங்களிடம் இரட்டைத் தலை மைக்ராஸ்கோப் ஒன்று உண்டு. ஒரே ஸ்லைடை எதிரெதிரே உட்கார்ந்து இருவர் பார்க்கலாம். எதிரில் என் ஜூனியர். ஸ்லைடை நகர்த்துவது நான். பார்த்து முடித்துவிட்டு, "அடினோமாதான், ஒண்ணும் இல்ல, ரிப்போர்ட் டைப் பண்ணிடும்மா" என்றேன். அடினோமா என்றால் புற்று அல்லாத சாதாரணக் கட்டி. "சரி சார்" என்றாள். கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் குடும்பத்தார் ஸ்லைடையும் பிளாக்கையும், அதாவது மெழுகில் பதித்து வைத்த திசுவையும், வாங்கிக்கொண்டு வேறு ஊரில் செகண்ட் ஒப்பீனியன் போனார்கள். அங்கே பிளாக்கை இன்னும் ஆழமாக வெட்டிப் பார்த்ததில், ஓரிடத்தில் கட்டி காளான் தலை நீட்டுவதைப் போல உறையைத் தாண்டி வெளியே வந்திருந்தது. நல்லவேளை, ஆரம்ப நிலை. அந்தப் பெண் இன்று நலமாக இருக்கிறார். ஆனால் தப்பு தப்புதான். அந்த ரிப்போர்ட் வந்த அன்று ஜூனியர் என் அறைக்கு வந்து நின்றாள். "சார், அன்னிக்கே உறையில ஒரு இடம் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. ஏற்கெனவே ஊசி குத்தி செல் எடுத்து எஃப்.என்.ஏ.சி. பண்ணியிருக்காங்களே, ஊசி போன தடமா இருக்கும்னு நினைச்சேன். நீங்க ஒண்ணுமில்லைன்னதும் நான்தான் தப்பாப் பார்த்திருக்கேன்னு விட்டுட்டேன்."

அவள் மேல் கோபப்பட எனக்கு முகாந்திரமே இல்லை. தத்துவக்காரர்கள் சொல்வதைத்தான் அவள் செய்திருந்தாள். தன்னைவிட இருபது வருடம் கூடுதலாகப் பார்த்தவன் மாறுபடுகிறான், தன் நம்பிக்கையைக் குறைத்துக்கொண்டாள். அதில் பிழையே இல்லை. அவளுடைய இடத்தில் இருந்தால் நானும் என்னைவிட என் சீனியரையே அதிகம் நம்பியிருப்பேன். ஊசித் தடம் என்று நினைத்ததும் பைத்தியக்காரத்தனம் இல்லை. ஊசி போன தடம் உறை உடைந்ததைப் போலவே ஏமாற்றும், பாடப்புத்தகத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. பிசகியது வேறு இடத்தில். முடிவில் இறங்கியவள், கூடவே தான் பார்த்ததையும் விழுங்கிவிட்டாள். "நீங்க சொல்றதுதான் சரியா இருக்கும் சார், ஆனா ரெண்டு மணி திசையில உறைக்குள்ள ஒரு இடம் இருக்கு" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். பிளாக்கை நானே இன்னும் வெட்டச் சொல்லியிருப்பேன். அவள் அடக்கமாக இருந்ததில் எங்கள் அறையில் இருந்த இரண்டு ஜோடிக் கண்கள் ஒரு ஜோடி ஆகிவிட்டன.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைக்கிறேன். அண்ணனோடு மாறுபடும்போது உங்கள் முன் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, நாம் அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். கடைசியில் எதை நம்புவது, எதன்படி நடப்பது என்பது ஒன்று. நான் பார்த்தது என்ன, எதனால் அப்படி நினைத்தேன் என்பதை மேசையில் வைப்பது இன்னொன்று. முதலாவதில் தாராளமாக இறங்குங்கள், பாதி இறங்குங்கள், முழுதாகக்கூட இறங்குங்கள், அது அவமானம் கிடையாது. இரண்டாவதில் ஒரு அங்குலம்கூட விடாதீர்கள். அண்ணி சொல்வதைக் கேட்டு விட்டுக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்கள். நண்பர்கள் பேச்சைக் கேட்பவர்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறார்கள்.

என் தவறும் இதில் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் கதை நேர்மையாக இருக்காது. நான் முதலில் வாயைத் திறந்தேன். அதற்குப் பிறகு அவள் கண் என் கண்ணாகிவிட்டது. மறுநாளிலிருந்து ஒரு வழக்கம் வைத்தேன். இரட்டைத் தலை மைக்ராஸ்கோப்பில் உட்காரும் முன் ஸ்லைடைத் தனித்தனியாகப் பார்த்து, ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் தன் கருத்தை எழுதி, மடித்து, ஸ்லைடு ட்ரேயில் போட்டுவிட வேண்டும். பிறகுதான் பேச்சு. ஆரம்பத்தில் பள்ளிக்கூட விளையாட்டு என்று கேலி செய்தார்கள். ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1907இல் எழுதிய மாட்டுக் கதை எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. இங்கிலாந்தின் பிளிமத் சந்தையில் ஒரு கொழுத்த மாட்டை அறுத்துச் சுத்தம் செய்தபின் என்ன எடை வரும் என்று ஊகித்துச் சீட்டில் எழுதும் போட்டி. செல்லுபடியான 787 சீட்டுகளை வரிசைப்படுத்தி நடுவில் நின்றதை எடுத்தபோது 1207 பவுண்டு. உண்மை எடை 1198. கூட்டத்துக்கு ஞானம் உண்டு என்று இதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்குக் கண்ணில் பட்டது சீட்டுதான். அவரவர் தனித்தனியாக எழுதினார்கள். ஒரு கசாப்புக்கடைக்காரர் முதலில் உரக்கச் சொல்லி மற்றவர்கள் அதையொட்டி எழுதியிருந்தால் 787 சீட்டும் கிட்டத்தட்ட ஒரே சீட்டாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் நாற்பது பேர் ஒரே செய்தியை அனுப்பினால் நாற்பது சாட்சி என்று எண்ணிக்கொள்கிறோமே, அங்கே நடப்பதும் இதுதான். அண்ணனுடைய கருத்து எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அவரே உட்கார்ந்து போட்ட கணக்கா, அல்லது நீங்கள் இருவருமே கேட்ட ஒரே தரகர் பேச்சா? உங்கள் கருத்துக்கும் அதே விசாரணை வேண்டும்.

அடுத்தது, எல்லா விஷயத்திலும் மாறுபாட்டுக்கு ஒரே எடை கிடையாது. அமெரிக்காவில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில் 115 பேத்தாலஜிஸ்டுகள் மார்பக பயாப்சி ஸ்லைடுகளைத் தனித்தனியாகப் பார்த்தார்கள். நிபுணர்கள் மூவர் கூடி எடுத்த முடிவோடு அதை ஒப்பிட்டார்கள். பரவும் புற்று என்றால் 96 சதவீதம் ஒத்துப்போனது. சாதாரணத்துக்கும் புற்றுக்கும் நடுவில் இருக்கும் ஏட்டிபியா என்ற நிலைக்கு வந்தபோது 48 சதவீதம்தான். முதல் வகையில் சக மருத்துவர் மாறுபட்டால் எங்கள் இருவரில் யாரோ கோட்டை விட்டிருக்கிறோம், தேட வேண்டும். இரண்டாவதில் மாறுபட்டால் யாரும் தவறியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. கோடு போட்ட இடமே மங்கல். தைராய்டில் இன்னொரு வகைக் கட்டியைப் பல வருடங்கள் புற்று என்றே எழுதி வந்தோம். 2016இல் உலக நிபுணர்கள் கூடி, உறைக்குள்ளேயே அடங்கியிருந்தால் அதற்குப் புற்று என்ற பெயர் வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். ஸ்லைடில் ஒரு செல்கூட மாறவில்லை. அதற்கு முன் அதைப் பற்றி நாங்கள் போட்ட சண்டைகளில் யார் ஜெயித்தார்கள் என்று இப்போது எப்படிச் சொல்வது?

"உன் மூளையை நம்பு" கட்சிக்காரர்களுக்குப் பிடித்த உதாரணம் வானியற்பியலாளர் சந்திரசேகர். 1935 ஜனவரி 11, லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டுப் போன 24 வயது இளைஞர், சூரியனைப்போல ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள நட்சத்திரம், எரிபொருள் தீர்ந்தபின் வெள்ளைக் குள்ளன் என்ற சிறு நட்சத்திரமாகச் சுருங்கி ஓய்ந்து நிற்க முடியாது என்று கணக்கை வைக்கிறார். அடுத்து எழுந்தவர் அந்நாளின் புகழ்பெற்ற வானியல் மேதை எடிங்டன். அவர், நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையிலேயே ஒரு விதி இருக்க வேண்டும் என்று சொல்லி அவையைச் சிரிக்க வைத்தார். இளைஞர் சரி, மேதை தவறு. 1983இல் நோபல் பரிசு வந்தது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். எனக்கு இதில் உறுத்துவது இடையில் நடந்தது. சந்திரசேகர் வீம்பாக உட்கார்ந்திருக்கவில்லை. கோபன்ஹேகனில் இருந்த நண்பர் ரோசன்ஃபெல்டுக்கு எழுதினார். விஷயம் பெரிய இயற்பியலாளர்களான நீல்ஸ் போரிடமும் பவுலியிடமும் போனது. சொந்த மூளையை நம்பிய மனிதர் தன் கணக்கை அடுத்தவர் கையில் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார். அவர்களும் எடிங்டன் சொல்வது சரியில்லை என்று தனிப்பட்ட முறையில் ஒத்துக்கொண்டார்கள். ஊரறியச் சொல்ல யாரும் முன்வரவில்லை. சந்திரசேகர் 1939இல் ஒரு நூலில் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டு வேறு துறைக்குப் போனார். எடிங்டன் பிடிவாதக்காரர், சரி. பார்த்தும் வாயைத் திறக்காத பெரியவர்களை நினைத்தால் எனக்கு என் அறையில் தலைகுனிந்து நின்ற அந்தப் பெண்தான் ஞாபகத்துக்கு வருகிறாள். அவளுக்காவது வயது ஒரு சாக்கு.

சந்திரசேகர் கதையை மட்டும் கேட்டால் தனியாக நிற்பவன் எப்போதும் ஜெயிப்பான் என்று தோன்றிவிடும். தோற்றவர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை. ராமானுஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில் உலகத்தை அசத்திய சூத்திரங்கள் இருந்தன. அதே கடிதத்தில், குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் என்பதை ஏறக்குறைய பிசகில்லாமல் தரும் வழி கண்டுவிட்டதாகவும் எழுதியிருந்தார். அது தவறு. ஒரே ஆள், ஒரே பேனா, ஒரே உறுதி. உள்ளே இருந்து பார்த்தால் சரியான நிச்சயமும் தவறான நிச்சயமும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆகவே "என் மனசுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது" என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிக்கு நான் பெரிய எடை கொடுக்க மாட்டேன். அண்ணனுக்கும் அவ்வளவு தெளிவாகத்தான் தெரிகிறது.

அப்படியானால் சுயசிந்தனை என்பது என்ன? இங்கே நான் உறுதியான தரையிலிருந்து இறங்கிவிட்டேன், என் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அறிவொளி என்றால் என்ன என்று ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட் 1784இல் எழுதிய சிறு கட்டுரையில், எனக்காகப் புரிந்துகொள்ளப் புத்தகம், எனக்காக மனசாட்சி வைத்துக்கொள்ளப் பாதிரியார், எனக்காகப் பத்தியம் தீர்மானிக்க டாக்டர் இருந்தால் நான் எதற்குச் சிரமப்பட வேண்டும் என்று கிண்டல் செய்கிறார். டாக்டரையும் சேர்த்தது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. ஏனென்றால் டாக்டர் சொல்லைக் கேட்பது பெரும்பாலும் நல்ல யோசனைதான். ஸ்லைடு பார்க்கத் தெரியாத ஒருவர் என் ரிப்போர்ட்டை நம்பினால் அவர் சிந்திக்கவில்லை என்று அர்த்தமா? எந்த டாக்டரை, எதற்காக, எதுவரை நம்புவது என்று அவர் யோசித்திருந்தால் எனக்கு அது போதும். முடிவு சொந்தமாக இருக்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். "ஏன் இப்படி நினைக்கிறாய்" என்றால் காட்டுவதற்கு ஒரு காரணம் கையில் இருக்க வேண்டும், அது கடன் வாங்கியதாக இருந்தால் யாரிடம் வாங்கியது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நம் உரையாசிரியர்கள் இதற்கு ஓர் அழகான வழக்கம் வைத்திருந்தார்கள். தன் பொருளைச் சொல்லிவிட்டு, "என்று உரைப்பாரும் உளர்" என்று மாற்றுப் பொருளையும் ஒரு வரியில் பதிந்துவிட்டுப் போவார்கள். பரிமேலழகரைப்போலத் தன் முடிவில் அவ்வளவு உறுதியான மனிதரிடமும் இதைப் பார்க்கலாம். எங்கள் ரிப்போர்ட்டின் அடியில் கமெண்ட் என்று ஒரு பகுதி உண்டு. சீட்டு வழக்கம் வந்த பிறகு, ஒத்துப்போகாத கேஸ்களில் அங்கே சக மருத்துவரின் கருத்தையும் எழுதத் தொடங்கினேன். அறுவை செய்யும் டாக்டர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், ஒரே பதில் சொல்லுங்கள் என்று. பிறகு அந்தப் பகுதியைத்தான் முதலில் படிக்கிறார்கள்.

உங்கள் நிலத்துக்கு வருகிறேன். அந்தச் சண்டைக்குள் இரண்டு சண்டைகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. பத்து வருடம் கழித்து விலை என்ன ஆகும் என்பது ஒன்று. அது எங்கள் 48 சதவீதப் பகுதி மாதிரி. அண்ணன் மாறுபடுகிறார் என்றால் உங்கள் உறுதியைக் கணிசமாகக் குறைத்துக்கொள்வதுதான் நியாயம், அவருக்கும் அதே. ஆனால் கேள்வியின் நடுவில் "அப்பா வெட்டிய கிணறு" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது விலைக் கணக்கில் வராது. உங்களுக்கு என்ன வேண்டும் என்பதில் அண்ணன் உங்களைவிட நிபுணரும் இல்லை, உங்களுக்குச் சமமான சாட்சியும் இல்லை. அங்கே யாரும் பாதி இறங்க வேண்டும் என்று இந்தத் தத்துவம் எதுவும் சொல்லவில்லை. அங்கே நடக்க வேண்டியது பேரம், அல்லது பாசம். அதற்கு என் தொழிலில் மருந்து கிடையாது. வெட்டிப் பார்க்க பிளாக் இல்லாத சமாசாரம் அது. முதல் சண்டைக்கு மட்டும், பேசுவதற்கு முன் இருவரும் தனித்தனியாக ஆளுக்கொரு தாளில் எழுதுங்கள்: என்ன விலை எதிர்பார்க்கிறேன், எதை வைத்து, எது தெரிந்தால் மாற்றிக்கொள்வேன். கடைசியில் அண்ணன் சொன்னபடியே விற்றாலும் உங்கள் தாளைப் பத்திரங்களோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.

அந்த ஜூனியர் இப்போது வேறொரு ஊரில் ஒரு துறைக்குத் தலைவி. போன மாதம் எனக்கு ஒரு ஸ்லைடு அனுப்பியிருந்தாள். படிவத்தில் அவள் கருத்துக்கான இடம் காலி. பின்னால் மடித்த துண்டுச் சீட்டு ஒன்றைப் பின் அடித்திருந்தாள். நான் பார்த்து, என்னுடையதை எழுதிய பிறகுதான் அதைப் பிரித்தேன். ஒத்துப்போகவில்லை. பிளாக்கை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.